மாப்பிள்ளை காருக்கு நான் சொன்ன அளவு

மல்லிகை, சந்தனம், ஜெனரேட்டர் புகை, ஆடிக் களைத்தவர்களின் வியர்வை. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் என்றால் எங்கள் ஊரில் இந்த நாலும் கலந்துதான் வரும். அன்று மாலை ஐந்தாவதாக ஒன்று என் மூக்கில் ஏறியது. ரப்பர் தேயும் வாசனை.

விளக்குப் போட்டுவிட்டார்கள், ஆனால் வெளிச்சம் இன்னும் போகவில்லை. கிழக்கு ராஜ வீதியில் ஊர்வலம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. முன்னால் பேண்டு செட்டு, அதன் பின்னால் ஆட்டம், அதன் பின்னால் கார். கூரை இல்லாத, இரண்டே சீட்டுள்ள, கரும்பச்சை நிறத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் கூடக் கடையை விட்டு வெளியே வந்து செல்போனில் படம் பிடித்தார்கள்.

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். நான் இடது பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கூட நடந்தேன். அந்தக் காருக்கு இந்த அளவு டயர் போடலாம் என்று சொன்னவள் நான்.

பக்கத்தில் வந்த என் கணவர் தேவராஜின் கையைக் கிள்ளினேன்.

“இன்னாங்க, வாசனை வருது.”

“கல்யாணம்னா வாசனை வரும். பேசாம வா.”

“ரப்பர் வாசனை.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளில் இருந்து நான் பார்த்துப் பழகிய பார்வை அது. “மறுபடியும் டிபன் பாக்ஸா?” என்று கேட்டார்.

டிபன் பாக்ஸ் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் கார்.

கால் இல்லாமல் வந்த கார்

செவிலிமேடு போகிற சாலையில் எங்களுக்கு ஒரு டயர் கடை இருக்கிறது. டயர் மாற்றுவது, வீல் பேலன்ஸ், அலைன்மென்ட், பஞ்சர். பாரம் தூக்குவது தேவராஜ், அளவு சொல்வது நான். பெயர்ப் பலகையில் அவர் பெயர்தான் இருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே “ஸ்டெல்லா அக்கா இல்லியா?” என்றுதான் கேட்பார்கள். இதை அவர் முன்னால் நான் சொல்வதில்லை. இங்கே எழுதலாம், அவர் இந்தப் பத்திரிகையில் ராசிபலன் மட்டும்தான் படிப்பார்.

அந்தக் காரை ஒருநாள் காலையில் லாரியின் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தவர் குமரேசன். தென்னேரிக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். ஏரிப் பாசனத்தில் நிலம் உள்ள குடும்பம். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்க நாலைந்து வேன் ஓட்டுகிறார். எங்கேயோ ஒரு பழைய பங்களா கொட்டகையில் தார்ப்பாயின் கீழே கிடந்த இந்தக் காரைக் கண்டுபிடித்து, மூன்று வருடம் அதன் பின்னாலேயே அலைந்து, இன்ஜினை எழுப்பி, பெயின்ட் அடித்து முடித்திருந்தார். மிச்சம் இருந்தது டயர்தான்.

“தம்பிக்குக் கல்யாணம்க்கா. மாப்பிள்ள அழைப்புக்கு இதுலதான் கூட்டினு போவணும். கால் மட்டும் நீங்க போட்டுக் குடுங்க” என்றார்.

சக்கரங்களைப் பார்த்தேன். சைக்கிளுக்கு இருப்பது போல ஸ்போக் வைத்த சக்கரம். ஒன்றில் எழுபத்திரண்டு கம்பி. நடுவில் நாலு நட்டுக்குப் பதிலாக இரண்டு காது வைத்த ஒரே பெரிய நட்டு, அதைச் சுத்தியலால் தட்டித்தான் கழற்ற வேண்டும். மேலே இருந்த டயரை நகத்தால் அழுத்தினேன், பொடி உதிர்ந்தது. என்னைவிடக் கொஞ்சம்தான் இளையதாக இருக்கும்.

இரண்டு சக்கரத்தில் கோட்டம் இருந்தது. அதை எடுக்கக் காஞ்சிபுரத்தில் எந்தக் கார் மெக்கானிக்கும் முன்வரவில்லை. கடைசியில் பெரிய காஞ்சிபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மஸ்தான் பாய்தான் வந்தார். ஸ்போக்கை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிச் சத்தம் கேட்டுக் கேட்டு முறுக்கினார். இரண்டு நாள் ஆயிற்று. போகும்போது, “சைக்கிள்தான் இது, கொஞ்சம் கொழுப்பு ஏறிப்போச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோட்டம் போயிற்று. பிறகுதான் என் கவலை ஆரம்பித்தது. எந்த அளவு டயர்?

நூற்றறுபத்தைந்தா, இருநூற்றைந்தா

டயரின் பக்கவாட்டில் மூன்று எண் இருக்கும், உங்கள் வண்டியிலும் பார்க்கலாம். முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. மூன்றாவது, உள்ளே இருக்கும் சக்கரம் எத்தனை அங்குலம் என்பது. இந்தப் பழைய காரின் டயரில் அந்தக் கணக்கே இல்லை. ஐந்து புள்ளி ஆறு, பதினான்கு என்று அங்குலத்தில் மட்டும் போட்டிருந்தது. அந்தக் காலத்து முறை.

நான் கணக்குப் போட்டேன். 165, 80, 14 என்ற அளவைப் போட்டால் பழைய டயரின் உயரம் கிட்டத்தட்ட அப்படியே வருகிறது. மீட்டரில் வேகம் தப்பாகக் காட்டாது. நம் ஊர்ச் சின்னக் கார்கள் ஓடுகிற அளவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஸ்போக் சக்கரம் என்பதால் உள்ளே ட்யூப் போட வேண்டும், கம்பி முனை குத்தாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு பட்டை போட வேண்டும். அவ்வளவுதான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பின்னால் ஒரு ஜோடி மாட்டிக் காட்டினேன். குமரேசனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

“இன்னாக்கா இது, கொசுக் கால் மாதிரி இருக்குது” என்றார். செல்போனை நீட்டினார். வெளிநாட்டில் யாரோ அதே காருக்கு அகல அகலமாக டயர் போட்டு நிறுத்தியிருந்தார்கள். “இருநூத்தஞ்சு போடுங்க.”

“இருநூத்தஞ்சு உள்ள போவாது தம்பி. மட்கார்டுல உரசும்.”

“பட்டுக்கு அழகே பார்டர்தான்க்கா. அகலமா இருந்தாதான் நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க.”

“பார்டர் உரசினா புடவ கிழியாது. டயர் உரசினா கிழியும்.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. காரை ஜாக்கியில் இருந்து இறக்கி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுக் காட்டினேன். இந்தக் காரில் ஒரு வம்பு இருந்தது. பின் அச்சு நடுவில் சரியாக உட்காரவில்லை. மூன்று வருட ரிப்பேரில் நடந்ததா, செய்தவர்களே அப்படித்தான் செய்தார்களா, எனக்குத் தெரியாது. மெல்லிய டயருக்கே வலது பக்கம் மூன்று விரல் போயிற்று, இடது பக்கம் இரண்டு விரல்தான். அதிலும் மட்கார்டின் உள் விளிம்பில் தகடு மடங்கி நின்றது. தடவிப் பார்த்தால் கத்தி மாதிரி இருந்தது.

இதை எல்லாம் பார்த்த பிறகும் நான் இறங்கி வந்தேன். அதுதான் இந்த அத்தியாயத்தை எழுதவே என்னைக் கூச வைக்கிறது. அவர் இருநூற்றைந்தில் இருந்து கீழே வந்தார், நான் நூற்றறுபத்தைந்தில் இருந்து மேலே போனேன். நூற்றெண்பத்தைந்தில் இருவரும் நின்றுகொண்டோம். கத்திரிக்காய் வாங்குவது போல. டயர் அளவில் பேரமே கூடாது என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சண்டை போட்டவள், அன்று பேரம் பேசினேன்.

வெற்றிலைத் தட்டு

ஏன் ஒத்துக்கொண்டேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். காரணம் டயரில் இல்லை.

என் அப்பா பிறந்தது தென்னேரியை ஒட்டிய காலனியில். குமரேசனின் தாத்தா நிலத்தில்தான் அவர் வேலை செய்தார். சொந்தமாக ஒரு கையகல நிலம் கிடையாது. அந்த வீட்டுக் கொல்லைப்புறம் வரைக்கும்தான் அவர் போவார். வரப்பு எங்கே பலவீனமாக இருக்கிறது, ஏற்றத்தில் எந்தக் கட்டு அறுந்துபோகப் போகிறது எல்லாம் அவருக்கு முதலிலேயே தெரிந்துவிடும். ஆனால் வாயைத் திறக்க மாட்டார்.

“சொன்னா இன்னா?” என்று நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

“ஒடையப் போவுதுன்னு எவன் மொதல்ல சொல்றானோ, அவன்தான் ஒடச்சான்னு சொல்லுவாங்க” என்றார்.

அந்த வீட்டுப் பேரன்தான், கல்யாணப் பத்திரிகையை வெற்றிலைத் தட்டில் வைத்து, தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கடைக்கு இல்லை, வீட்டுக்கு. அம்மா எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். டீ குடித்தார். சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்து, “எங்க வாங்கினது?” என்று கேட்டார். குமரேசன் என்னை அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டார். அப்பா இருந்திருந்தால் எழுந்து நின்றிருப்பார்.

அது நடந்த மறுநாள்தான் டயர் பேரம். எனக்கு அன்று நல்லவளாக இருக்க ஆசை வந்துவிட்டது. இந்த வீட்டுக்காரர்களிடம் முடியாது, கூடாது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

போட்டுவிட்டு ஓட்டியும் பார்த்தோம். குமரேசன் ஓட்ட, தேவராஜ் பக்கத்தில் உட்கார, பாலாற்றுப் பாலம் வரைக்கும் போய் வந்தார்கள். வேகத்தடை எல்லாம் ஏறி இறங்கினார்கள். உரசல் இல்லை. இடது பக்கம் ஒரு விரல் இடைவெளி அப்படியே இருந்தது.

“ரெண்டு சீட்டு, ரெண்டு ஆளு. இதுக்கு மேல இன்னா பாக்கணும் ஒனக்கு?” என்றார் தேவராஜ்.

எனக்கும் அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

டிபன் பாக்ஸ்

இப்போது அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடையைத் தாண்டித் தினமும் ஒரு பள்ளிக்கூட வேன் போகும். ஒருநாள் அது கடக்கும்போது கடகடவென்று ஒரு சத்தம். பேரிங் போய்விட்டது என்று எனக்கு உறுதியாகப் பட்டது. நடு ரோட்டில் ஓடி, கையை விரித்து நின்று, வேனை நிறுத்தினேன். பிள்ளைகளை எல்லாம் வெயிலில் இறக்கிவிட்டேன். சக்கரத்தைக் கழற்றினோம். பேரிங் புதுப் பெண் மாதிரி இருந்தது. சீட்டுக்கு அடியில் எவனோ ஒருவனின் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடி இல்லாமல் உருண்டுகொண்டிருந்தது.

அதில் இருந்து ஆறு மாதம் அந்தத் தெருவில் எனக்கு டப்பா அக்கா என்று பெயர். டீக்கடையில், “இன்னா டப்பாக்கா, இந்த கிளாஸ் சத்தம் பேரிங்கா பாரு” என்பார்கள். நான் திட்டுவேன். ஆனால் அதற்குப் பிறகு சத்தம் கேட்டால் உடனே வாயைத் திறப்பதில்லை. மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன்.

கவலை என்பது எனக்குப் பிறவியோடு வந்தது. அடுப்பை அணைத்தோமா, ஷட்டரைப் பூட்டினோமா, நட்டை முறுக்கினோமா என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்ப்பேன். டயர்க் கடையில் அது நல்ல குணம். வீட்டில் அது தொல்லை. கல்யாண ஊர்வலத்தில் அது என்ன என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்துப் பேர்

பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை காரில் ஏறியபோதுதான் எனக்குச் சுரீர் என்றது.

மாப்பிள்ளை முரளி சீட்டில் உட்காரவில்லை. சீட்டுக்குப் பின்னால், டிக்கி மேல் பட்டு ஜமக்காளம் விரித்து, அதன் மேலே உட்கார்ந்தார். அப்படித்தானே உட்காருவார்கள். ஊர் பார்க்க வேண்டாமா. எத்தனை மாப்பிள்ளை அழைப்பு நான் பார்த்திருக்கிறேன். எங்கள் சர்ச் கல்யாணங்களில் பூ ஒட்டிய மூடிய கார்தான் என்று சாக்குச் சொல்லலாம். அது பொய்ச் சாக்கு. கடை வாசலில் வாரம் ஒரு ஊர்வலம் போகிறது.

மாப்பிள்ளை ஏறிய உடனே பிள்ளைகள் ஏறின. சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பேத்தி, அத்தை மகன், எல்லோரும். மாப்பிள்ளை காரில் வீட்டுப் பிள்ளைகள் ஏறுவதை யாரும் தடுக்க முடியாது, அது அவர்கள் உரிமை. பக்கத்து சீட்டில் தோழன், அவர் மடியில் இரண்டு. மாப்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் டிக்கி மேல் ஐந்து. எண்ணினேன். ஓட்டுகிற குமரேசனோடு சேர்த்துப் பத்துப் பேர். பாரம் முழுவதும் பின் அச்சின் மேல். போதாததற்கு வீடியோக்காரர் இடது பக்கமாக நடந்ததால், எல்லாப் பிள்ளைகளும் இடது பக்கமே சாய்ந்து பல்லைக் காட்டின.

நான் இரண்டு ஆளுக்கு அளவு பார்த்திருந்தேன்.

குனிந்து பார்த்தேன். ஒரு விரல் இடைவெளி இருந்த இடத்தில் ஒரு தீக்குச்சி கூடப் போகாது. குழி வரும்போதெல்லாம் கார் அமுங்கியது. அமுங்கும்போதெல்லாம் ஒரு சத்தம் வந்திருக்க வேண்டும், பேண்டு செட்டில் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அன்று காலை நானே துணியால் துடைத்த ஸ்போக்குகளின் மேல் கறுப்பு மாவு படிந்திருந்தது. டயரில் இருந்து சீவி விழுந்த மாவு.

பத்து வரை எண்ணினேன். இருபது வரை எண்ணினேன்.

ஊர்வலம் ஆமை வேகத்தில் போகிற வரைக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் ராஜ வீதி முனையோடு பேண்டு செட்டு முடிந்துவிடும். அவர்கள் வேனில் ஏறிவிடுவார்கள். அங்கே இருந்து வாலாஜாபாத் சாலையில் இருக்கிற மண்டபத்துக்கு மூன்று கிலோமீட்டர். நேரமாகிவிட்டது என்று குமரேசன் விரட்டுவார். லாரியும் பஸ்ஸும் போகிற சாலை. உள்ளே இருப்பது ட்யூப். பக்கவாட்டு அறுந்தால் ஒரே மூச்சில் காற்று போகும், கார் இடது பக்கம் இழுக்கும், டிக்கி மேல் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஐந்து பிள்ளைகளும் ரோட்டில் விழும். எனக்கு இது படம் மாதிரி ஓடியது. ஒரு பிள்ளையின் கால் கொலுசு வரைக்கும் தெரிந்தது.

தெரு முனைக்கு இன்னும் நூறு அடி இருந்தது.

“ஏங்க, நிறுத்தச் சொல்லப் போறேன்.”

“ஸ்டெல்லா, வேணாம். அவங்க வூட்டுக் கல்யாணம். மண்டபத்துல போயி சொல்லிக்கலாம்.”

“மண்டபம் போயி சேந்தாதானே?”

“டிபன் பாக்ஸா இருந்தா?”

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஒருவேளை கொஞ்சமாகத்தான் தேய்ந்திருக்கும். ஒருவேளை பிள்ளைகள் முனையில் இறங்கிவிடும். ஒருவேளை, ஒருவேளை என்று சொல்லிக்கொண்டே இன்னும் ஐம்பது அடி நடந்துவிட்டேன். பேண்டு செட்டுக்காரர்களில் ஒருவர் பெரிய டிரம்மைத் தோளில் இருந்து கழற்ற ஆரம்பித்தார்.

நான் காருக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன்.

யார் நிறுத்தியது

குமரேசன் பிரேக் போட்டார். டிக்கியில் இருந்த பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டே போனார்கள்.

“இன்னாக்கா?”

“எல்லாரையும் எறக்குங்க தம்பி. டயர் உரசுது.”

மாப்பிள்ளையின் தாய்மாமன் குடையோடு ஓடி வந்தார். “யாரும்மா நீ? மாப்பிள்ள காரு பாதி வழியில நிக்கறதா? பொண்ணு வூட்டுக்காரங்க அங்க ஆரத்தி எடுத்து வச்சினு இருக்கிறாங்க. நவுரு.”

“நவுர மாட்டேன் சார்.”

“டயர் போட்டதே இவங்கதான் மாமா” என்றார் குமரேசன், தலையைச் சொறிந்துகொண்டே.

“போட்டவளே நிறுத்தறாளா?”

அதற்குள் குமரேசனின் அம்மா வந்துவிட்டார். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்த அதே அம்மா. என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “ஸ்டெல்லா, நல்ல காரியத்துல இப்படிப் பண்ணாத. தள்ளி வா” என்றார். அந்தக் குரலில் கோபம் கூட இல்லை. சொன்னால் நான் கேட்பேன் என்ற நம்பிக்கைதான் இருந்தது. வாய் தானாக “சரிங்கம்மா” என்று சொல்லப் போயிற்று. அப்படிச் சொல்லிப் பழகிய குடும்பம் எங்களுடையது.

“இல்லம்மா” என்றேன். “நீங்களே ஒரு தடவ குனிஞ்சி பாருங்க. பாத்துட்டு போவச் சொன்னீங்கன்னா நவுந்துடறேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கட்டியிருந்த பட்டுப் புடவையைக் கையில் சுருட்டிக்கொண்டு, ரோட்டில் முட்டி போட்டார். தேவராஜ் செல்போன் வெளிச்சத்தைச் சக்கரத்துக்குள் அடித்தார். டயரின் தோள்பட்டை ஓரம் சுற்றிலும் ஒரே கோடாக அறுபட்டு, உள்ளே நூல் தெரிந்தது. டயருக்குள் நூல் இருக்கிறது என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தறி ஓட்டாத வீடாக இருந்தாலும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இழை அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

அம்மா எழுந்தார். மாமனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. “பசங்கள எறக்கு” என்று குமரேசனிடம் சொன்னார்.

“அக்கா, சகுனம்” என்றார் மாமன்.

“எறக்குன்னு சொன்னேன்.”

பிள்ளைகள் அழுதுகொண்டே இறங்கின. ஸ்டெப்னியில் இருந்தது அந்தப் பழைய பொடி உதிரும் டயர், மாற்றவும் முடியாது. மாப்பிள்ளையைத் தரையில் நடக்க விடக் கூடாது என்று ஒருவர், ஆட்டோவில் ஏற்றலாம் என்று ஒருவர், பெண் வீட்டார் சிரிப்பார்கள் என்று ஒருவர். கடைசியில் ஜெனரேட்டர் வைத்திருந்த குட்டியானை வண்டியில்தான் முரளி ஏறினார். புகை கக்கும் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், தலைப்பாகையோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மண்டபம் போனார். அவர் ஒருவர்தான் அன்று சிரித்தார் என்று நினைக்கிறேன்.

போவதற்கு முன்னால் மாமன் கேட்க வேண்டியதைக் கேட்டார். “யாரு தப்பு இது?”

“நான்தான் மாமா அகலமா வேணும்னு கேட்டேன்” என்றார் குமரேசன்.

அப்படியே விட்டிருக்கலாம். அவர் பெரிய மனதோடு தன் தலையில் போட்டுக்கொண்டார். ஆனால் என்னால் முடியவில்லை. “இல்ல சார், தப்பு என்னுது” என்றேன். “அவுரு கேப்பாரு. வேணாம்னு சொல்லத்தான் நான் இருக்கேன். நான் சொல்லல.”

தேவராஜ் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு

மண்டபத்துக்குப் போனோம். போகாமல் இருந்தால் ஓடிவிட்டோம் என்பார்கள். பந்தியில் உட்கார எனக்கு உடம்பு கூசியது, தூண் ஓரமாக நின்றேன். குமரேசனின் அம்மா ஆட்களைக் கவனித்தபடியே அந்தப் பக்கம் வந்தார். நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேம்மா” என்று பொய் சொன்னேன்.

“எலையில உக்கார்ந்து சாப்ட்டுப் போ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொய் என்று எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

அடுத்த பத்து நாள் எப்படிப் போயிற்று என்று எனக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை குட்டியானையில் போன வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. “டயர் போட்டவளே நிறுத்தினாளாமே” என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டார்கள். அப்பா சொன்னது அப்படியே நடந்தது. இந்த முறை உடைத்ததும் நான்தான் என்பதால் எனக்குக் கோபித்துக்கொள்ளவும் வழி இல்லை. சோறு இறங்கவில்லை. ஒருவேளை நான் நிற்காமல் இருந்திருந்தால் என்று நினைப்பேன், உடனே கொலுசுக் கால் நினைவுக்கு வரும். பஞ்சருக்கு வந்த ஸ்கூட்டருக்குக் கூட அளவைத் தேவராஜிடம் இரண்டு தடவை கேட்டேன். அவர் பதில் சொல்லிவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தார். எங்கள் வீட்டில் அவர் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை.

பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, அந்தப் பச்சைக் கார் மறுபடியும் லாரியின் முதுகில் வந்து கடை வாசலில் இறங்கியது. குமரேசன் உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றேன். ஒவ்வொரு அளவுக்கும் எத்தனை பேர் ஏறலாம், எங்கே உரசும், ஏன் கூடாது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். இந்த முறை அவர் எவ்வளவு அடம் பிடித்தாலும் ஒரு மில்லிமீட்டர் இறங்குவதில்லை என்று முடிவோடு இருந்தேன்.

“எப்ப வந்து எடுத்துக்கறதுக்கா?” என்றார்.

“தம்பி, இந்தத் தடவ எந்த சைஸு போடறதுன்னு...”

“நீங்க போடுங்க.”

“இல்ல தம்பி, கொஞ்சம் உக்காருங்க. இந்தக் கணக்கப் பாருங்க. நூத்தறுபத்தஞ்சு போட்டா...”

“நான் இன்னாத்தப் பாக்கறது? நீங்க பாத்தா போதும்.” சாவியை மேஜை மேல் வைத்தார். “அம்மாவும் அதான் சொன்னாங்க. ஸ்டெல்லா சொல்றதப் போட்டுனு வான்னு.”

போய்விட்டார். கொசுக் கால் என்று சொல்லவில்லை. செல்போனை நீட்டவில்லை. தாளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் பயம்தான் வந்தது. அவர் வாதாடியபோது தப்பில் பாதியாவது அவரிடம் இருந்தது. இப்போது முழுவதும் என்னுடையது. சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவர் லாரியில் ஏறிக்கொண்டிருந்தார். தம்பி, திரும்பி வாங்க, கொஞ்ச நேரம் என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போங்க என்று கூப்பிட வேண்டும் போல இருந்தது.